மே மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள்: பெங்களூருவின் கோடைச் சந்தைக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருவுக்குக் குடிவருகிறவர்கள் பலரும் கோடை என்றால் மே மாதம் என்ற கணக்கையும் மூட்டை முடிச்சுகளோடு கட்டிக்கொண்டு வருகிறார்கள். கத்திரி வெயில் பிறக்கட்டும், வற்றல் போடலாம், தர்பூசணி வாங்கலாம், மாவடு ஊறவைக்கலாம் என்று பொறுத்திருக்கிறார்கள். மே பிறக்கும்போது இங்கே மாலையானால் இடி இடிக்கிறது. மொட்டைமாடியில் காயப்போட்ட கூழ்வற்றல் நனைகிறது. தர்பூசணியில் இனிப்பு குறைந்து, நல்ல திராட்சை கடையை விட்டே போயிருக்கிறது. மாவடு எப்போதோ மாங்காயாகிவிட்டது. மாம்பழத்தில் மட்டும் எல்லோருக்கும் அவசரம். ஏப்ரல் தொடக்கத்திலேயே விலை கொடுத்து வாங்கிப் புளிப்பைத் தின்கிறார்கள்.

ஆகவே எங்கே வாங்குவது, எப்படிப் பேரம் பேசுவது என்பதெல்லாம் பிறகு. எப்போது என்பதுதான் முதலில். காலம் சரியாக இருந்தால் பேரம் பேசத் தெரியாதவருக்கும் நல்ல சரக்கு கிடைத்துவிடும். காலம் தப்பினால் எத்தனை கெட்டிக்காரருக்கும் கிடைக்காது.

முதல் வேலை: நாட்காட்டியைத் திருத்துங்கள்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் மார்ச்சில் ஏறி, ஏப்ரலில் உச்சத்தைத் தொட்டு, மே மாதத்தில் மழையோடு இறங்கிவிடும். நகரத்தில் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது 2016 ஏப்ரலில்தான். வற்றல், வடகம், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றையும் மார்ச்சிலேயே தொடங்கி ஏப்ரல் நடுவில் முடித்துவிடுங்கள். ஊரிலிருக்கும் அம்மா தொலைபேசியில் "இன்னும் நாள் இருக்கிறதே" என்பார். அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.

கோடைச் சரக்கை மூன்று தவணையாக மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பிப்ரவரியும் மார்ச்சும் முதல் தவணை. திராட்சை, தர்பூசணி, மாவடு, பலாப்பிஞ்சு. இதே நேரத்தில்தான் துமகூரு, கோலார்ப் பக்கத்துப் புதுப்புளியும், ஹாவேரி மாவட்டத்து பியாடகி மிளகாயின் புதுச் சரக்கும் கடைக்கு வருகின்றன. வருடத்துக்கு வேண்டிய புளியையும் மிளகாயையும் வாங்கி, அந்த மார்ச் வெயிலிலேயே ஒரு காய்ச்சல் கொடுத்து டப்பாவில் அடைத்துவிடலாம்.

ஏப்ரல் தொடங்கி மே நடு வரை இரண்டாம் தவணை. நுங்கு, வெள்ளரி, முலாம்பழம், எலுமிச்சை, முருங்கைக்காய், பச்சை மாங்காய், மல்லிகை. தமிழ்ப் புத்தாண்டு மாங்காய்ப் பச்சடிக்கு வேண்டிய வேப்பம்பூவும் இந்தப் பட்டியலில்தான், ஆனால் அதைப் பலரும் விலைக்கு வாங்குவதில்லை. தெருவுக்கு ஒரு வேப்பமரம் இல்லாத பேட்டை பெங்களூருவில் குறைவு. காலையில் ஒரு துணியை விரித்தால் போதும்.

மே நடுவிலிருந்து ஜூலை வரை மூன்றாம் தவணை. மாம்பழம், பலாப்பழம், ஜூனில் நாவல்பழம், கூடவே குடகுப் பக்கத்திலிருந்து வருகிற வெண்ணெய்ப்பழம். வெண்ணெய்ப்பழத்தை இந்த ஊரில் எல்லோரும் பட்டர் ஃப்ரூட் என்றுதான் சொல்கிறார்கள். பால், சர்க்கரை சேர்த்து அடித்துக் குடிப்பது இங்கே பல காலப் பழக்கம்.

கோடையில் பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர், அவரைக்காய் மூன்றையும் மறந்துவிடுங்கள். மூன்றும் குளிர்காலத்துப் பயிர்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் மலிந்து கிடக்கும் அவரைக்காயைத் தேடி மே மாதத்தில் அலைவது வீண்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டுக்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "இங்கே உழவர் சந்தை எங்கே இருக்கிறது?" 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குப் பழகிய கண்ணோடு, அதே பச்சைப் பலகையையும் விவசாயி அடையாள அட்டையையும் இங்கே தேடாதீர்கள். விவசாயியிடமிருந்து நேராக வரும் சரக்குக்கு இந்த ஊர்ப் பெயர் ஹாப்காம்ஸ். தோட்டக்கலைத் துறையின் இயக்குநராக இருந்த எம்.எச். மரிகௌடாவின் முயற்சியில், 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியது. இன்று நகரமெங்கும் பேட்டைக்குப் பேட்டை சின்னச் சின்னக் கடைகள். உறுப்பினர்களான விவசாயிகளிடம் வாங்கி, அன்றன்று விலை நிர்ணயித்து, பலகையில் எழுதி விற்கிறார்கள். பேரம் கிடையாது. காய்கள் சில நேரம் வாடியிருக்கும், கடைக்காரர் சில நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்த விலைப்பலகைக்காகவே நான் அந்தக் கடையை மதிக்கிறேன். புதிதாக வந்தவர்கள் முதல் மாதம் முழுவதும் மற்ற எங்கே போனாலும் முதலில் ஹாப்காம்ஸ் பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள். மார்க்கெட்டில் சொல்லும் விலை ஏற்றமா, இறக்கமா என்று உடனே தெரிந்துவிடும். வருடந்தோறும் பிப்ரவரி வாக்கில் இவர்களே திராட்சை, தர்பூசணி மேளா நடத்தித் தள்ளுபடியில் விற்பார்கள்.

பழைய மார்க்கெட்டுகளுக்குப் போக வழி சுலபம். மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் ஏறினால் ஏறக்குறைய எல்லாம் அதிலேயே வந்துவிடும். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸுக்கு சம்பிகே ரோடு நிலையம், கே.ஆர். மார்க்கெட்டுக்கு அதே பெயருள்ள நிலையம், காந்தி பஜாருக்கு நேஷனல் காலேஜ் நிலையம், பிறகு லால்பாக், ஜெயநகர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் வண்டி தாமதமாகத் தொடங்கும், அதை மறக்காதீர்கள்.

கே.ஆர். மார்க்கெட் என்கிற கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் 1928இல் எழுந்தது. விடிவதற்கு முன்பே லாரிகள் வந்துவிடும். மொத்த வியாபாரிகளின் நேரம் அது. ஒரு கிலோ, அரைக் கிலோ கேட்டு அவர்கள் நடுவே நின்றால் மூட்டை முதுகில் இடிக்கும். ஆறிலிருந்து எட்டு வரை வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு நல்ல நேரம். தரை ஈரம், சேறு, வாழைமட்டை. செருப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் காந்தி பஜாருக்குப் போகலாம். இத்தனை சிரமப்பட்டு எதற்குக் கே.ஆர். மார்க்கெட் என்றால், ஊறுகாய்க்கு ஐந்து கிலோ மாங்காய், விசேஷத்துக்குப் பூ, மூன்று வீடு சேர்ந்து பகிர்ந்துகொள்ள ஒரு மூட்டை வெங்காயம் என்று அளவு பெரிதாகும்போதுதான். கால் கிலோ பீன்ஸுக்கு அங்கே போவது ஆட்டோக்காரருக்குச் செய்யும் தர்மம்.

காந்தி பஜாரும் மல்லேஸ்வரமும் விலையில் ஒரு படி மேலே, தரத்திலும் ஒரு படி மேலே. மாவடு, வாழைப்பூ, வாழைத்தண்டு, பிஞ்சு வெள்ளரி, மணத்தக்காளி போன்ற, எல்லோரும் கேட்காத பொருள்கள் இங்கேதான் கிடைக்கும். சிவாஜிநகரில் 1927இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டில் பழக்கடைகள் நன்றாக இருக்கும். அங்கேயும், அல்சூரிலும், ஓசூர் சாலை மடிவாளா மார்க்கெட்டிலும் கடைக்காரர்கள் பலர் தமிழிலேயே பேசுவார்கள்.

ஊருக்கு வெளியே ஆனேக்கல், கனகபுரா, தொட்டபள்ளாபுரா பக்கங்களில் வாரச்சந்தைகள் கூடுகின்றன. கிழமையை அந்தப் பக்கத்து ஆள் யாரையாவது கேட்டுக்கொண்டு போங்கள். ஓசூர் வரை போகத் துணிந்தால் அசல் உழவர் சந்தையே இருக்கிறது, சுமார் 40 கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டிவாசிகளுக்கு அது கே.ஆர். மார்க்கெட்டைவிட அலுப்புக் குறைவு.

கிளம்புவதற்கு முன்

இரண்டு துணிப்பை, அடியில் தட்டையான ஒரு கூடை. பிளாஸ்டிக் பைக்குக் கர்நாடகத்தில் 2016இலிருந்து தடை. சிலர் இன்னும் கொடுக்கிறார்கள் என்றாலும் அதை நம்பிப் போகாதீர்கள். கூடை எதற்கென்றால், மாம்பழத்தையும் திராட்சையையும் துணிப்பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டால் வீடு வரும்போது சாறுதான் மிஞ்சும். பணம் செலுத்தும் செயலி எல்லாக் கடையிலும் ஓடும். கீரை விற்கிற பாட்டியிடம் மட்டும் சில்லறை கொடுங்கள்.

கனமான பொருளைக் கடைசியில் வாங்குங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கீரையையும் கடைசியில் வாங்க வேண்டும் என்பது தெரிவதில்லை. கோடைக் காலையில் ஒரு மணி நேரம் பையின் அடியில் கிடந்தால் கொத்தமல்லி குழைந்துவிடும். இன்னும் சொல்லப்போனால் கீரைக்கு மார்க்கெட்டே வேண்டாம். காலை ஏழு மணிக்கு உங்கள் தெருவுக்கு வருகிற தள்ளுவண்டியே மேல்.

பேச்சு

தமிழில் கேட்டால் பதில் வரும். ஆனால் கன்னடத்தில் தொடங்குவது மரியாதை, விலைக்கும் நல்லது. "எஷ்டு?" என்றால் எவ்வளவு. "ஸ்வல்ப கம்மி மாடி" என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். "சாகு" போதும், "பேடா" வேண்டாம். வினைச்சொல்லை இகரத்தில் முடியுங்கள்: கொடி (கொடுங்கள்), மாடி (செய்யுங்கள்), ஹேளி (சொல்லுங்கள்). அதையே கொடு, மாடு, ஹேளு என்று முடித்தால் ஒருமையில் பேசியதாகும். கடைக்காரரை அண்ணா என்றும், பெண்களை அக்கா என்றும், வயதானவர்களை அஜ்ஜி, தாத்தா என்றும் கூப்பிடுங்கள். அஜ்ஜி தவிர மற்றவை நம் சொற்களே.

பெயர்களில் தெரிந்துகொள்ள வேண்டியவை: மாங்காய் மாவினகாயி, மாம்பழம் மாவின ஹண்ணு, தர்பூசணி கல்லங்கடி, முலாம்பழம் கர்பூஜா, வெள்ளரி சௌத்தேகாயி, பலா ஹலசு, நாவல் நேரளே, எலுமிச்சை நிம்பே, முருங்கைக்காய் நுக்கேகாயி, பீர்க்கங்காய் ஹீரேகாயி, கீரை சொப்பு. ‘நாட்டி’ என்று சொன்னால் நாட்டுரகம். கூறு கட்டி வைத்திருப்பதைக் குட்டே என்பார்கள். கூறில் வாங்கும்போது அடியில் இருப்பதையும் புரட்டிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பூ வாங்கும்போது விலை முழத்துக்கா, மாருக்கா என்று கேளுங்கள். மாரு என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். விலையைக் கேட்டதும் அதிர்ச்சி அடைந்து திரும்பிவிடாதீர்கள்.

பேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தள்ளுவண்டிக்காரரிடமும் கீரைக்காரம்மாவிடமும் பேரம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கும்போது தாராளமாகப் பேசுங்கள், அங்கே அது எதிர்பார்க்கப்படுவதே.

பொறுக்குதல்: சின்ன விஷயங்கள்

திராட்சை. பெங்களூரு நீலம் என்கிற கருநீலத் திராட்சை இந்த மண்ணின் சொத்து. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரா, தொட்டபள்ளாபுரா வட்டாரத்தில் விளைகிறது. விதை உண்டு, தோல் தடிப்பு, நாக்கில் ஒரு துவர்ப்பு. விதையில்லாத பச்சைத் திராட்சைக்குப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். சாறு எடுக்கவும் ஜாம் செய்யவும் இதற்கு ஈடில்லை. பச்சைத் திராட்சையில் விதையுள்ள தில்குஷ் இந்தப் பக்கத்து ரகம். நீளமான விதையில்லாத பழங்கள் விஜயபுராவிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகின்றன. காம்பு பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காம்பு பழுப்பேறிக் காய்ந்திருந்தால் பறித்துப் பல நாளாயிற்று.

தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதைவிடத் திருப்பிப் பார்ப்பது பலன் தரும். தரையில் படுத்திருந்த பக்கத்தில் திட்டு வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முதிர்ந்தது. வெள்ளையாக இருந்தால் அவசரத்தில் பறித்தது. வெட்டி வைத்த துண்டுகளை மார்ச் வெயிலில் வாங்கவே வாங்காதீர்கள். முலாம்பழத்துக்கு மூக்குதான் தராசு: காம்புப் பக்கம் மணக்க வேண்டும்.

வெள்ளரியில் இரண்டு உண்டு. பச்சையாகத் தின்கிற பிஞ்சு ஒன்று. மஞ்சளும் பச்சையும் கோடுபோட்ட மங்களூர் சௌத்தே இன்னொன்று. அது சாம்பாருக்கும் கூட்டுக்கும். வெளியே வைத்தாலே வாரக்கணக்கில் கெடாது என்பதால் வெயிலுக்குப் பயந்து வாரம் ஒரு முறை மட்டும் கடைக்குப் போகிறவர்கள் இதை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ராமநவமிக்கு இந்த ஊரில் பானகம், நீர்மோர், பாசிப்பருப்பு வெள்ளரிக் கோசம்பரி தெருவெல்லாம் வழங்குவார்கள். அந்த இரண்டு நாள் வெள்ளரியும் எலுமிச்சையும் முலாம்பழமும் விலை ஏறும். முன்கூட்டியே வாங்கிவிட்டு, அன்றைக்குக் கோசம்பரி வாங்கிச் சாப்பிடப் போங்கள்.

நுங்கு இங்கே பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகிறது. சீவி எடுத்துப் பாத்திரத்தில் போட்டு வைத்திருப்பதை வாங்காதீர்கள். வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். கண்முன்னே வெட்டச் சொல்லிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் இளசு, அமுங்காவிட்டால் கடுக்காய்.

மாவடுவுக்கு வருவோம். சாகரா, சிர்சி பக்கத்து மலைக்காட்டு மரங்களிலிருந்து வருகிற அப்பேமிடி என்ற வடு இங்கே பெயர்பெற்றது. மிடி என்று கேட்டால் காட்டுவார்கள். காம்பைக் கிள்ளினால் பால் பீச்ச வேண்டும், மூக்குக்கு எட்டும்படி வாசனை அடிக்க வேண்டும். காம்போடு, உருண்டையாக, தழும்பில்லாமல் பொறுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அலசித் துணியில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கிலோவுக்கு சுமார் 200 கிராம் கல்லுப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகுப்பொடி சேர்த்து ஜாடியில் போட்டுத் தினம் குலுக்குங்கள். பத்து நாள் வாக்கில் சுருங்கத் தொடங்கும். மார்ச் கடைசிக்குப் பிறகு வடு என்று விற்பதில் பெரும்பாலும் கொட்டை வைத்துவிட்டது.

தக்காளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய தக்காளிச் சந்தை இருக்கிற கோலார் பக்கத்திலேயே இருந்தும், கோடையின் கடைசியில் விலை தாறுமாறாக ஏறலாம். கடும் வெயிலில் பூ உதிர்கிறது, நோய் பரவுகிறது. விளைச்சல் குறைந்தது கடையில் தெரிவது ஜூன், ஜூலையில்தான். மார்ச்சில் மலிவாகக் கிடைக்கும்போதே தொக்கு கிளறி வைக்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

மாம்பழம்

இதற்கு நிதானமாக இடம் ஒதுக்க வேண்டும். பெங்களூருவுக்கு மாம்பழம் இரண்டு திசையிலிருந்து வருகிறது. மைசூரு சாலையில் இருக்கிற ராமநகரா முந்திக்கொள்ளும். கிழக்கே கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுரா பிந்தி வரும், ஆனால் அளவில் பெரிய வரத்து அங்கிருந்துதான். ஏப்ரலில் கண்ணில் படுவது ராமநகராவின் முதல் பறிப்பு. அதில் பாதி, விலைக்காக முதிராமலே பறித்தது. மே நடுவரை பொறுக்க முடிந்தவர்களுக்குப் பாதி விலையில் முழு ருசி.

ரகங்கள் வருகிற வரிசையில் சொல்கிறேன். முதலில் செந்தூரம், தோள்பட்டையில் சிவப்பு ஏறி அழகாக இருக்கும். இனிப்பு உண்டு, மணம் குறைவு. அடுத்து பாதாமி. அல்போன்சாவுக்கு இந்த ஊர்ப் பெயர் அது. ரத்னகிரிப் பழத்தின் மணம் அப்படியே வராது, விலையும் அப்படியே வராது. பாதாமியோடு கூடவே வருவது ரஸ்பூரி. பழைய மைசூருக்காரர்களின் செல்லப்பிள்ளை. மெல்லிய தோல், நிறைய சாறு. வெட்டித் தட்டில் அடுக்க உதவாது. பிழிந்து பால், ஏலக்காய், கொஞ்சம் வெல்லம் சேர்த்துச் சீகரணே செய்து சப்பாத்தியோடு சாப்பிட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு வந்து ரஸ்பூரி வாங்காமல் சேலத்து மல்கோவாவையே தேடிக்கொண்டிருப்பது பிடிவாதம்.

பங்கனபள்ளி எல்லோருக்கும் தெரியும், மே முழுவதும் கிடைக்கும். இமாம் பசந்த் மே கடைசியில் வரும், சில வாரங்களில் மறைந்துவிடும். பழுத்த பிறகும் பச்சை நிறம் மாறாது என்பதால் நிறத்தை நம்பி வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். தோளில் இலேசாக அழுத்தி, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். நீலத்தையும் தசேரியையும் கலந்து உருவாக்கிய மல்லிகா ஜூனில். இனிப்பில் இதை மிஞ்சுவது கடினம், ஆனால் வீட்டில் வைத்து முழுக்கப் பழுக்க விட வேண்டும். சக்கரேகுத்தி என்று எலுமிச்சையைவிடச் சற்றே பெரிய பழம் ஒன்று கூறு போட்டு விற்பார்கள். கிள்ளி உறிஞ்ச வேண்டியதுதான், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அதுவே போதும். கடைசியில் நீலமும் கிளிமூக்கும். கிளிமூக்கு என்கிற தோத்தாபுரியை இந்த ஊர்க்காரர்கள் காயாகத்தான் கொண்டாடுகிறார்கள். கீறி உப்பு, மிளகாய்த்தூள் தூவி லால்பாக் வாசலில் விற்பார்கள். மாங்காய்ச் சித்ரான்னத்துக்கும் அதுவே ஏற்றது, புளிப்பு அளவாக இருக்கும்.

விவசாயியிடம் நேராக வாங்க வேண்டுமானால் லால்பாக் மாம்பழ மேளாவுக்குப் போங்கள். கர்நாடக மாநில மாம்பழ வளர்ச்சி மற்றும் சந்தைப்படுத்தல் கழகம் பொதுவாக மே கடைசி, ஜூன் வாக்கில் நடத்துகிறது. தேதி பத்திரிகையில் வரும். கோலார், ராமநகரா, சிக்கபள்ளாபுரா விவசாயிகள் கடை போடுவார்கள். வார நாள் காலையில் போனால் அவர்களோடு பேச நேரம் கிடைக்கும். எந்தத் தோட்டம், எப்போது பறித்தது, எத்தனை நாளில் பழுக்கும் என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள், சில நேரம் தேவைக்கு அதிகமாகவே. அலைய முடியாதவர்களுக்கு அதே கழகத்தின் கர்சிரி இணையதளத்தில் விவசாயிகளிடமே பெட்டி பதிவு செய்யும் வசதி உண்டு. அஞ்சல் துறை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்.

கார்பைடு பயத்துக்கு ஒரு விளக்கம். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்துவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி தந்திருக்கிறது. பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிற வாயு அது, அதற்குப் பயப்பட வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது, நுனி முதல் காம்பு வரை ஒரே மஞ்சளாக மின்னி, கல்லுப் போல இருந்து, மணமே இல்லாத பழத்தை. ஏப்ரல் தொடக்கத்தில் அப்படிப்பட்டது நிறையக் கிடைக்கும் என்பதும் அவசரப்படாமல் இருக்க இன்னொரு காரணம்.

எத்தனை பார்த்து வாங்கினாலும் பாதாமியில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே குற்றமே தெரியாத பழத்தை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல ஒரு திட்டு. கடைக்காரர் ஏமாற்றியதல்ல; அல்போன்சாவின் பிறவிக் குறை. பருத்த பழங்களில் அதிகம் வரும், ஆகவே நடுத்தர அளவே நல்லது. ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் குறையில்லாத அர்கா அருணா, அர்கா புனீத், அர்கா அன்மோல் என்ற கலப்பின ரகங்களை உருவாக்கியிருக்கிறது. மேளாவில் கண்ணில் பட்டால் ஒரு கிலோ வாங்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடைக்காரரிடம் "இவத்து தின்னக்கா, நாளேகா?" (இன்று தின்னவா, நாளைக்கா?) என்று கேட்டு, இன்றைக்குப் பாதி, மூன்று நாள் கழித்துப் பாதி என்று பிரித்து வாங்குவது வழக்கமாகட்டும். காயாக இருப்பதை ஒருநாளும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் காய் குளிர் தாக்கித் தோல் கறுத்து, பிறகு பழுக்கவே பழுக்காது. காம்பு கீழே பார்க்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், செய்தித்தாள் விரித்து இருட்டு மூலையில் வையுங்கள். வைக்கோல் கிடைத்தால் மேல். அரிசி டப்பாவில் புதைப்பதும் வேலை செய்யும், ஆனால் ஒன்று அழுகினால் அரிசியும் போகும். பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரில் போட்டு வைத்தால் தோலில் ஒட்டிய பால் போய்விடும், சூடும் அடங்கும்.

பலாப்பழத்தில் முழுப்பழம் வாங்குவதா, சுளை வாங்குவதா என்று யோசிப்பவர்களுக்கு: இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குச் சுளைதான். தொளே என்று கேளுங்கள். முழுதாக வாங்கினால் முள் விரிந்து, தட்டினால் மந்தமாக ஒலித்து, மணம் வருவதைத் தேர்ந்தெடுத்து, கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுங்கள். தொட்டபள்ளாபுரா வட்டத்துத் தூபகெரே பலாவும், செம்புச் சிவப்புச் சுளையுள்ள துமகூருவின் சித்து ரகமும் கிடைத்தால் விடாதீர்கள். கொட்டையைக் கழுவி நிழலில் காயவைத்தால் சில வாரம் வைத்துச் சாம்பாரில் போடலாம்.

ஜூன் மழை நன்றாகப் பிடித்த பிறகு மாம்பழத்தில் பழ ஈயின் புழுவும், நீலத்தில் கொட்டை வண்டும் கூடும். அப்போது வாங்குவதை உறிஞ்சிச் சாப்பிட வேண்டாம். வெட்டி, கொட்டை வரை பார்த்து, பிறகு தட்டில் போடுங்கள். பெட்டி பெட்டியாக வாங்குவதை நிறுத்திக்கொண்டு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்குங்கள். ஆடி பிறக்கும்போது நீலமும் தீர்ந்துவிடும்.